சம்பா கோதுமை வேரில் ரைபோசோம் ஜீன்கள் படியெடுக்கப்படும் விதம்: முழுமையான வழிகாட்டி

ஒரு செல்லில் உள்ள ஆர்.என்.ஏ முழுவதையும் பிரித்து எடை போட்டால், ஏறத்தாழ 80 சதவீதம் ரைபோசோம் ஆர்.என்.ஏவாகத்தான் இருக்கும். ரைபோசோம் என்பது செல்லில் புரதம் செய்யும் பட்டறை. வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு வேர்நுனி தன் படியெடுக்கும் உழைப்பில் பெரும்பங்கை இதற்கே செலவிடுகிறது. ஆனால் நம் பாடப்புத்தகங்களில் படியெடுத்தல் (டி.என்.ஏவைப் பார்த்து ஆர்.என்.ஏ செய்வது) என்றாலே புரத ஜீன்கள்தான். ரைபோசோம் ஜீன்களுக்கு ஒரு பத்தி கிடைத்தால் பெரிய விஷயம். நீலகிரியிலும் பழனி மலையிலும் தாவரவியல் படிக்கிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இந்தப் பாடத்துக்குத் தோதான பயிர் நம் மலையிலேயே இருக்கிறது: சம்பா கோதுமை.

ஏன் சம்பா? ரொட்டிக் கோதுமையில் ஏ, பி, டி என்று மூன்று முன்னோர்களின் குரோமோசோம்கள் சேர்ந்து மொத்தம் 42. சம்பாவில் ஏ, பி இரண்டுதான், மொத்தம் 28. கணக்கு எளிது, குழப்பம் குறைவு. ஒரே செல்லுக்குள் இரண்டு முன்னோர்களின் ரைபோசோம் ஜீன்கள் இருக்கும்போது எது வேலை செய்கிறது, எது அடங்கிக் கிடக்கிறது என்ற கேள்வியும் இதில் தெளிவாக எழும். என்னைப் பொறுத்தவரை இந்தப் பாடத்தின் உயிர் அந்தக் கேள்விதான். படியெடுக்கும் நொதியான பாலிமரேஸ் எப்படி ஓடுகிறது என்பதை விட, ஆயிரக்கணக்கான நகல்களில் எவற்றின் மேல் ஓடுகிறது என்பதுதான் செடியின் நிலையைச் சொல்லும்.

படி 1: ஜீன் எங்கே இருக்கிறது

புரத ஜீனிலிருந்து ஓர் எம்.ஆர்.என்.ஏ வந்தால், அதை வைத்து நூற்றுக்கணக்கான புரதங்கள் செய்துகொள்ளலாம். ரைபோசோம் ஆர்.என்.ஏவுக்கு அந்த வசதி கிடையாது. ஜீனிலிருந்து வரும் ஆர்.என்.ஏவே கடைசிப் பொருள். கல்யாண வீட்டுச் சமையலை ஒரே அடுப்பில் முடிக்க முடியுமா? வரிசையாகக் கோட்டை அடுப்பு வெட்ட வேண்டியதுதான். அதனால்தான் செடிகளில் இந்த ஜீன் நூற்றுக்கணக்கில் தொடங்கி ஆயிரக்கணக்கு வரை நகல்களாக, ஒன்றின் வால் மற்றொன்றின் தலையைத் தொடும்படி வரிசையாக இருக்கிறது.

இந்த வரிசை இருக்கும் இடத்துக்கு நியூக்ளியோலஸ் அமைப்பிடம் என்று பெயர். நியூக்ளியோலஸ் என்பது நியூக்ளியஸுக்குள் ரைபோசோம் உருவாகும் திரள். 1934இல் மரபியலாளர் பார்பரா மெக்ளின்டாக் மக்காச்சோளத்தின் 6ஆவது குரோமோசோமில் இதைச் சுட்டிக்காட்டினார். அந்த இடத்தின் குறுக்கே குரோமோசோம் உடைந்து இரு துண்டாகிப்போன செடிகளை அவர் பார்த்தார். இரண்டு துண்டுகளும் தனித்தனியே நியூக்ளியோலஸை உருவாக்கின. ஆனால் இரண்டின் திறனும் ஒன்றாக இல்லை. ஒன்று மற்றதை விஞ்சி நின்றது. ஜீன் என்றால் வேதியியலாக என்ன என்றே தெரியாத காலத்தில், மைக்ரோஸ்கோப் ஒன்றை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்திருக்கிறார். அந்த இடத்தில் ரைபோசோம் ஆர்.என்.ஏ ஜீன்கள்தான் இருக்கின்றன என்பது பழ ஈயில் உறுதியானது 1965இல்.

தானியப் பயிர்களில் இந்த இடங்கள் எவை என்பது இன்று தெரியும். நெல்லில் 9ஆவது குரோமோசோம். இண்டிகா ரகங்களில் 10ஆவதிலும் உண்டு. பார்லியில் 5எச், 6எச் (எண் குரோமோசோமுடையது, எழுத்து அது எந்தப் பயிர் அல்லது முன்னோருடையது என்பதைக் காட்டும்). ரை என்ற தானியத்தில் 1ஆர். கோதுமையில் முக்கியமானவை 1பி, 6பி இரண்டும். ரொட்டிக் கோதுமையில் 5டியில் சிறிதாக ஒன்றும் உண்டு. சைனீஸ் ஸ்பிரிங் என்ற ரகத்தில் மொத்த நகல்களில் சுமார் 60 சதவீதம் 6பியிலும், 30 சதவீதம் 1பியிலும், மீதி பெரும்பாலும் 5டியிலும் இருக்கின்றன. இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

படி 2: ஒரு நகலின் உள்ளமைப்பு

கோதுமையில் ஒரு நகலின் நீளம் சுமார் 9,000 இணைக்காரங்கள், அதாவது டி.என்.ஏ எழுத்து ஜோடிகள். அதில் மூன்று ஆர்.என்.ஏக்கள் ஒரே தொடராக இருக்கின்றன: முதலில் 18எஸ், சுமார் 1,800 எழுத்துகள், அடுத்து 5.8எஸ், சுமார் 160. கடைசியில் 25எஸ், சுமார் 3,400. (எஸ் என்பது வேகமாகச் சுழற்றும்போது மூலக்கூறு படியும் வேகத்தை வைத்துச் சொல்லும் அளவு.) இவற்றுக்கு இடையே இரண்டு உள் இடைவெளிப் பகுதிகள், 18எஸ்ஸுக்கு முன்னால் ஒரு வெளி முன்பகுதி. இவை படியெடுக்கப்படும், ஆனால் பிறகு நறுக்கி எறியப்படும்.

ஒரு நகலின் 25எஸ் முடிந்து அடுத்த நகலின் 18எஸ் தொடங்கும் வரை உள்ள பகுதியை இடைவெளி டி.என்.ஏ என்று வைத்துக்கொள்வோம். 18எஸ், 25எஸ் பகுதிகள் கோதுமைக்கும் நெல்லுக்கும் பெரிதாக மாறாது. மாறுவதெல்லாம் இந்த இடைவெளியில்தான். கோதுமையில் சுமார் 135 எழுத்து நீளமுள்ள ஒரு துணுக்கு இங்கே திரும்பத் திரும்ப வருகிறது. எத்தனை முறை வருகிறது என்பது ரகத்துக்கு ரகம், ஒரே செடியில் 1பிக்கும் 6பிக்கும் கூட வேறுபடும். ஜீனை ஓட வைக்கும் கட்டுப்பாடு முழுக்க இந்த இடைவெளியில் இருப்பதால், இதை வெற்றிடம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

படி 3: படியெடுப்பு தொடங்குவது

விலங்குகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்ட மூன்று பாலிமரேஸ்கள். செடிகளில் நான்கு, ஐந்து என்று இன்னும் இரண்டு உண்டு. இந்த நீளமான ஜீனைப் படியெடுப்பது பாலிமரேஸ் ஒன்று. அது வேலை செய்யும் இடம் நியூக்ளியோலஸ். இதற்கு வேறு வேலையே கிடையாது. செல்லில் இருக்கும் அத்தனை பாலிமரேஸ் ஒன்றும் இந்த ஒரு வகை ஜீனுக்காகவே இருக்கிறது. ஆல்ஃபா அமானிட்டின் என்ற காளான் நஞ்சு பாலிமரேஸ் இரண்டை நிறுத்திவிடும், பாலிமரேஸ் ஒன்றை எதுவும் செய்யாது. பிரித்தெடுத்த நியூக்ளியஸில் எந்தப் பாலிமரேஸ் ஓடுகிறது என்று சோதிக்க இன்றும் கைகொடுக்கும் வழி இது.

தானியங்களில் தொடக்க இடத்தில் உள்ள எழுத்துகள் பெரும்பாலும் இப்படி இருக்கும்: டி ஏ டி ஏ ஜி டி ஏ ஜி ஜி ஜி. மக்காச்சோளம், கோதுமை, நெல் எல்லாவற்றிலும் இதே சாயல். புரத ஜீன்களின் டாட்டா பெட்டி என்று படித்தது நினைவுக்கு வரும். அங்கே அந்தப் பெட்டி தொடக்கத்துக்கு 25, 30 எழுத்துகள் முன்னால் இருக்கும். இங்கே படியெடுப்பு இந்த வரிசையின் உள்ளேயே தொடங்கிவிடுகிறது. தேர்வில் இரண்டையும் ஒன்றாக்கி எழுதுகிறவர்கள் நிறைய.

உதவிப் புரதங்கள் முதலில் வந்து இந்த இடத்தில் உட்கார்ந்து பாலிமரேஸை அழைக்கின்றன. ஒன்று ஓடத் தொடங்கியதும் அதன் பின்னாலேயே அடுத்தது, அதன் பின்னால் அடுத்தது என்று ஒரே நகலின் மேல் பல பாலிமரேஸ்கள் வரிசையாக ஓடும். 1969இல் மில்லர், பீட்டி என்ற ஆய்வாளர்கள் நீர்ப்பல்லியின் முட்டைச் செல்லிலிருந்து எடுத்த எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படங்களில் இது அப்படியே தெரிந்தது: நடுவில் டி.என்.ஏ இழை, இருபுறமும் நீண்டுகொண்டே போகும் ஆர்.என்.ஏ கிளைகள். 25எஸ் தாண்டியதும் இடைவெளிப் பகுதியில் படியெடுப்பு முடிகிறது.

படி 4: நறுக்குவதும் திருத்துவதும்

வெளியே வருவது ஒரே நீள ஆர்.என்.ஏ. செடி ஆய்வாளர்கள் இதன் ஒரு கட்டத்தை 35எஸ் என்றும், சிலர் 45எஸ் என்றும் எழுதுவார்கள். இது நியூக்ளியோலஸிலேயே நறுக்கப்பட்டு 18எஸ், 5.8எஸ், 25எஸ் ஆகிறது. யு3 போன்ற சிறு ஆர்.என்.ஏக்கள் எங்கே வெட்டுவது, எந்த எழுத்தில் வேதி மாற்றம் செய்வது என்று வழி காட்டுகின்றன. விலங்குகளில் யு3ஐ பாலிமரேஸ் இரண்டு படியெடுக்கும். செடிகளில் பாலிமரேஸ் மூன்று.

மலையில் இருப்பவர்கள் இந்தப் படியைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நெல்லைக் குளிரில் வைத்து 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, குளிர் பட்டதும் நறுக்கும் வேலை தடுமாறி, பாதி நறுக்கிய நீள ஆர்.என்.ஏக்கள் தேங்குவதைக் காட்டியது. ஆக முன்வடிவ (இன்னும் நறுக்கி முடியாத) ஆர்.என்.ஏ அதிகமாக இருந்தால் படியெடுப்பு கூடியிருக்கலாம், அல்லது நறுக்குவது குறைந்திருக்கலாம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊட்டியில் ஆய்வுக்கூடமே குளிர்ந்து கிடக்கும்போது எடுத்த மாதிரியையும், ஏப்ரலில் எடுத்ததையும் ஒப்பிட்டு முடிவு சொல்வது ஆபத்து.

படி 5: 5எஸ்ஸின் தனி வழி

ரைபோசோமின் நான்காவது ஆர்.என்.ஏ 5எஸ், 120 எழுத்து. இது வேறு இடத்தில் இருக்கிறது, கோதுமையில் 1ஆம், 5ஆம் தொகுதிக் குரோமோசோம்களில். படியெடுப்பது பாலிமரேஸ் மூன்று. தொடக்கக் கட்டளை ஜீனுக்கு வெளியே இல்லாமல் உள்ளேயே இருக்கும், தொடர்ந்து வரும் சில டி எழுத்துகளில் வேலை முடியும். இந்தக் கட்டுரைக்கு இது போதும்.

படி 6: எது ஓடுகிறது, எது அடங்குகிறது

இருக்கும் நகல்கள் எல்லாம் ஓடுவதில்லை, அதாவது படியெடுக்கப்படுவதில்லை. பெரும்பகுதி சுருண்டு இறுகிய நிலையில் சும்மா கிடக்கும். சும்மா கிடப்பவற்றின் தொடக்க இடத்தருகே சைட்டோசின் எழுத்துகளில் மீத்தைல் என்ற சிறு வேதிக்குழு ஒட்டியிருக்கும். ஓடுபவற்றில் அது குறைவு.

சைனீஸ் ஸ்பிரிங் எண்களுக்கு இப்போது வருவோம். 6பியில் இருக்கும் நகல்கள் 1பியை விட இரு மடங்கு. அப்படியானால் 6பியின் நியூக்ளியோலஸ்தானே பெரிதாக இருக்க வேண்டும்? நடப்பது நேர்மாறு. பெரிதாக இருப்பது 1பியுடையது. தாவர ஆய்வாளர் ரிச்சர்ட் ஃபிளாவெலும் அவருடன் வேலை செய்தவர்களும் இதற்குச் சொன்ன காரணம் இடைவெளி டி.என்.ஏவின் நீளம். 135 எழுத்துத் துணுக்கு அதிகம் உள்ள நகல்களில் மீத்தைலும் குறைவு, ஓட்டமும் அதிகம். தொடக்கப் புரதங்கள் அளவோடுதான் இருக்கின்றன. துணுக்கு அதிகம் உள்ளவை அவற்றைத் தம் பக்கம் இழுத்துக்கொள்கின்றன என்பது அவர்கள் விளக்கம். ஈகிலாப்ஸ் அம்பெலுலாட்டா என்ற காட்டுப்புல்லின் 1யூ குரோமோசோமைக் கோதுமைக்குள் கொண்டுவந்தால், அது 1பி, 6பி இரண்டையும் அடக்கிவிடுகிறது.

சம்பாவிலும் இது நடந்திருக்கிறது. அதன் ஏ வழி முன்னோர்களின் வகையில் 1ஏ, 5ஏ இரண்டிலும் நியூக்ளியோலஸ் அமைப்பிடங்கள் உண்டு. பி குரோமோசோம்களோடு சேர்ந்த பிறகு அவை ஓய்ந்துபோயின. இன்று சம்பாவின் செல்லில் வேலை நடப்பது பி பக்கத்தில்தான்.

நீலகிரிக்கு நேரடியாகத் தொடர்புள்ள இன்னொரு கதை உண்டு. சமவெளியின் கோடை வெயிலில் கோதுமைத் துருப்பூஞ்சை தங்காது. நீலகிரி, பழனி போன்ற குளிர்ந்த மலைகளில் தங்கி அடுத்த பருவத்தில் கீழே இறங்குகிறது என்று துரு ஆய்வாளர் கே. சி. மேத்தா காட்டினார். வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கோதுமை நிலையம் இருப்பதற்குக் காரணமே இந்தத் துருதான். துருவுக்கு எதிராக உலகம் முழுவதும் பயன்பட்ட ஒரு வழி, கோதுமையின் 1பி குரோமோசோமின் குட்டைக் கையை (இரு பகுதிகளில் சிறியதை) எடுத்துவிட்டு ரையின் 1ஆர் குட்டைக் கையை அங்கே வைப்பது. தண்டுத் துருவுக்கான எஸ்.ஆர்.31, இலைத் துருவுக்கான எல்.ஆர்.26, மஞ்சள் துருவுக்கான ஒய்.ஆர்.9 என்ற எதிர்ப்பு ஜீன்கள் மூன்றும் அந்த ஒரு கையில் வந்துவிடும். 1999இல் பெயர் பெற்ற யு.ஜி.99 துரு, எஸ்.ஆர்.31ஐ உடைத்ததால்தான் அவ்வளவு பேசப்பட்டது.

ஆனால் 1பி குட்டைக் கையோடு கோதுமையின் நல்ல நியூக்ளியோலஸ் அமைப்பிடமும் போய்விடுகிறது. அதற்குப் பதிலாக வருவது ரையுடையது. அதுவோ கோதுமைச் செல்லுக்குள் பெரும்பாலும் அடங்கிப்போகும். துருவுக்காகச் செய்த மாற்றம் ரைபோசோம் ஜீன்களின் ஓட்டத்தையே திருத்தி எழுதுகிறது. இருந்தும் செடி நன்றாக வளர்ந்து விளைகிறது, மீதமுள்ள இடங்கள் ஈடுகட்டிவிடுகின்றன. துரு பற்றிப் படிக்கும் மாணவர்களும் செல்லியல் படிக்கும் மாணவர்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய இடம் இது.

ரை ஜீன்கள் அடங்குவது பிறவிக் கோளாறு அல்ல. கோதுமையையும் ரையையும் கலந்தால், கருவுற்ற முதல் சில நாட்களில் இரு பக்கமும் ஓடுகிறது. பிறகுதான் ரை பக்கம் நிற்கிறது. டிரிடிகேல் என்ற கோதுமை-ரை கலப்புப் பயிரின் முளைக்கும் விதைக்கு, மீத்தைலைக் குறைக்கும் 5-அசாசைட்டிடின் என்ற மருந்து கொடுத்தால் ரை பக்கம் மீண்டும் ஓடத் தொடங்குகிறது. டி.என்.ஏ வரிசையில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

படி 7: கண்ணால் பார்ப்பது

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். நல்ல மைக்ரோஸ்கோப்பும் வெள்ளி நைட்ரேட்டும் போதும்.

விதை: கடையில் கிடைக்கும் சம்பா ரவை உதவாது. பட்டை தீட்டிய கோதுமையிலும் முளை சேதமாகியிருக்கும். சம்பாவின் உமி தானியத்தை இறுக்கிப் பிடித்திருக்கும்; உமியோடு வாங்கி, கையால் கசக்கி எடுங்கள். மணியின் அடிப்பக்கத்தில் முளை முழுசாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஓரிரவு நீரில் ஊறவைத்து, ஈர வடிதாளில் 22 முதல் 24 டிகிரியில் வையுங்கள். இரண்டு மூன்று நாட்களில் வேர் ஒரு சென்டிமீட்டர் தாண்டும். குன்னூரிலோ கொடைக்கானலிலோ மழைக்கால அறையில் வைத்தால் இழுத்துக்கொண்டே போகும், இன்குபேட்டர் இருந்தால் அதில் வையுங்கள்.

இங்கே இரண்டு குழுவாகப் பிரியுங்கள். குரோமோசோமின் இரண்டாம் சுருக்கத்தை (அமைப்பிடம் ஒடுங்கித் தெரியும் இடத்தை) பார்க்க வேண்டிய வேர்களை 24 மணி நேரம் பனிக்கட்டி நீரில் வையுங்கள். நியூக்ளியோலஸ் எண்ண வேண்டிய வேர்களுக்குப் பனிக்கட்டி கூடவே கூடாது. வெதுவெதுப்பிலிருந்து நேரே பதப்படுத்தும் கரைசலுக்குப் போகட்டும். குளிர் என்ன செய்யும் என்று படி 4இல் பார்த்தோம். நேரம் மிச்சம் என்று இரண்டையும் ஒன்றாகப் பனியில் போட்டுவிடுவதுதான் அடிக்கடி நடப்பது.

பதப்படுத்த மூன்று பங்கு எத்தனால், ஒரு பங்கு அசிட்டிக் அமிலம், ஒரு நாள். பிறகு வேரின் நுனியில் கலங்கலாக, பால் வெண்மையாகத் தெரியும் ஒன்றிரண்டு மில்லிமீட்டரை மட்டும் வெட்டுங்கள். அதற்கு மேலே கண்ணாடி போலத் தெரிகிற பகுதி பிரிவதை நிறுத்திவிட்ட செல்கள், நமக்கு வேண்டாம். 45 சதவீத அசிட்டிக் அமிலத்தில் மென்மையாக்கி, ஸ்லைடில் நசுக்குங்கள். உறையவைத்து மூடுவில்லையைப் பெயர்த்து, காற்றில் உலர விடுங்கள்.

சாயம்: ஒரு சொட்டு ஜெலட்டின் கரைசல் (2 சதவீத ஜெலட்டின், 1 சதவீத ஃபார்மிக் அமிலம்), இரண்டு சொட்டு 50 சதவீத வெள்ளி நைட்ரேட். மூடுவில்லை வைத்து சுமார் 70 டிகிரி சூடான தட்டில் வையுங்கள். முதலில் மஞ்சள், அப்புறம் பொன் பழுப்பு. பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள், ஓரிரு நிமிடத்தில் வந்துவிடும்; விட்டால் ஸ்லைடு முழுக்கக் கறுத்துவிடும். எல்லாவற்றுக்கும் அயனி நீக்கிய நீர்தான். குழாய் நீரின் குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து படிந்து, எங்கு பார்த்தாலும் கறுப்புப் பொட்டாக இருக்கும். கையுறை போடுங்கள், வெள்ளி நைட்ரேட் பட்ட கறை நாள்கணக்கில் போகாது.

நியூக்ளியஸ் வெளிர் மஞ்சளாகவும் நியூக்ளியோலஸ் அடர் பழுப்பாகவும் தெரியும். சம்பாவில் 1பி இணை, 6பி இணை என்று நான்கு இடங்கள் ஓடுவதால் ஒரு செல்லில் அதிகபட்சம் நான்கு பார்க்கலாம். பல செல்களில் மூன்று, இரண்டு, சிலவற்றில் ஒன்றே ஒன்றுகூட இருக்கும். பயப்பட வேண்டாம், அவை ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். செல் பிரியும்போது படியெடுப்பு நின்று நியூக்ளியோலஸ் கலைகிறது, பிரிந்து முடிகையில் மீண்டும் அந்தந்த இடத்தில் உருவாகிறது. அதனால் இப்போதுதான் பிரிந்த, பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் சிறு செல் ஜோடிகளில் எண்ணினால் தனித்தனியாகத் தெரியும். சராசரியை விட அதிகபட்ச எண்தான் இங்கே சேதி சொல்லும். இருநூறு செல்லாவது எண்ணுங்கள். நான்கு இருப்பவற்றில் இரண்டு பெரிது, இரண்டு சிறிது என்ற வேறுபாடு தெரிகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பனிக்கட்டி நீரில் வைத்த குழுவில் குரோமோசோம் மேலேயே வெள்ளிப் பொட்டு தெரியும். வெள்ளி ஒட்டுவது ஆர்.என்.ஏவில் இல்லை, அதோடு சேர்ந்திருக்கும் புரதங்களில். பொட்டு இருந்தால், செல் பிரியத் தொடங்கும் முன் அந்த இடம் ஓடியிருக்கிறது என்று பொருள். ரை கையை வாங்கிய ரொட்டிக் கோதுமை கிடைத்தால் அதையும் சேர்த்துச் செய்யுங்கள். ரை கையில் பொட்டு விடுபட்டிருப்பதை நேரில் பார்த்த மாணவருக்கு மீத்தைல் பற்றி யாரும் மனப்பாடம் செய்விக்க வேண்டியிருக்காது.

படி 8: அளந்து பார்ப்பது

மூலக்கூறு ஆய்வு வசதி உள்ளவர்களுக்கு இது. ஆர்.என்.ஏவை வேரிலிருந்தோ முளைக்கருவிலிருந்தோ எடுங்கள். இலையில் எடுத்தால் பசுங்கணிகத்தின் சொந்த ரைபோசோம் ஆர்.என்.ஏக்களும் ஜெல்லில் பட்டைகளாக வந்து நிற்கும், இரண்டு பட்டை எதிர்பார்த்தவர் குழம்பிவிடுவார்.

18எஸ்ஸையோ 25எஸ்ஸையோ அளந்து படியெடுப்பு வேகம் என்று எழுதாதீர்கள். அவை நெடுநேரம் அழியாமல் நிற்பவை. நேற்றும் அதற்கு முந்தைய நாளும் செய்தது எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். வெட்டி எறியப்படும் பகுதிகளான வெளி முன்பகுதிக்கோ முதல் உள் இடைவெளிக்கோ பிரைமர் (பி.சி.ஆரில் நகலெடுப்பு எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டும் சிறு டி.என்.ஏ துண்டு) வடிவமையுங்கள். அவை சீக்கிரம் அழிவதால் இப்போது நடப்பதைக் காட்டும். ஆர்.என்.ஏவை டி.என்.ஏவாக நகலெடுக்கும்போது டி எழுத்துத் தொடர் பிரைமர் வேண்டாம், ரைபோசோம் ஆர்.என்.ஏவுக்குப் புரத ஜீன்களுக்குப் போல ஏ வால் கிடையாது. ஆறெழுத்துத் தற்போக்குப் பிரைமர் போடுங்கள்.

டி.என்.ஏ கலப்புதான் பெரிய எதிரி. ஒரே நகல் உள்ள ஜீனில் துளி டி.என்.ஏ கலந்தால் சமாளிக்கலாம். இங்கே அந்தத் துளியில் ஆயிரக்கணக்கான நகல்கள் இருக்கும். டி.என்.ஏஸ் நொதியால் சுத்தம் செய்த பிறகும், தலைகீழ் படியெடுக்கும் நொதி சேர்க்காத ஒரு குழாயை ஒவ்வொரு மாதிரிக்கும் ஓட்டுங்கள். அந்தக் குழாயில் சிக்னல் முன்கூட்டியே எழுந்தால் அந்த மாதிரியைத் தூக்கிப் போட்டுவிட்டு, புது வேரிலிருந்து மீண்டும் ஆர்.என்.ஏ எடுங்கள்.